கேமை விடறதா வேணாமா? – ஒரு கடிதம்

அண்ணா, வணக்கம்.

எனக்கு ஊர் பாண்டிச்சேரி, லாஸ்பேட்டை. நானும் காலேஜ்ல கூடப் படிச்ச ஃப்ரெண்டும் சேர்ந்து மூணு வருஷமா ஒரு கேம் பண்ணிக்கிட்டிருக்கோம். தானே புயலுக்கு முந்தின நாள் கடலூர் தேவனாம்பட்டினத்துலேர்ந்து போன ஒரு ஃபைபர் படகு கரைக்குத் திரும்பற கதை. நான் கோடிங், அவன் ஆர்ட். போன வருஷம் ஸ்டீம்ல, அதான் கம்ப்யூட்டர் கேம் விக்கற ஆன்லைன் கடை, ஏர்லி ஆக்சஸ்ல விட்டோம், அதாவது முடியறதுக்கு முன்னாடியே விக்கறது, விலை 349 ரூபா. இதுவரைக்கும் 200 காப்பி கூட போகல. வாங்கினவங்கள்ல பாதிப்பேர் 40 நிமிஷத்துல மூடிட்டுப் போயிடறதா டேஷ்போர்டு காட்டுது. அஞ்சு சாப்டர் வரும்னு சொல்லியிருந்தோம், ரெண்டுதான் ஆச்சு. கிராஃப்டிங்கை, அதாவது கட்டை கிட்டை சேத்து சாமான் செய்யற பகுதியை, இன்னும் பெருசாக்கி, பல பேர் சேந்து ஆடற மல்டிபிளேயரும் போட்டா ஓடும்னு தோணுது. ஸ்டார்ட்யூ வேலின்னு பேர் வாங்கின கேமைப் பண்ணவர் தனி ஆளா நாலு வருஷத்துக்கு மேல உக்காந்தாருல்ல? வீட்ல சென்னைக்கு வேலைக்குப் போகச் சொல்றாங்க, ஆஃபரும் கையில இருக்கு. ஃப்ரெண்டு இப்ப நெல்லித்தோப்புல ஒரு ஸ்டுடியோவுக்குக் கல்யாண ஆல்பம் டிசைன் பண்ணிக் குடுக்கறான். நீங்க சிற்றிதழ் நடத்தினவர், நஷ்டம்னா என்னன்னு தெரியும். தொடரவா, நிறுத்தவா? பேர் மட்டும் போடாதீங்க.

*

தம்பி,

சிற்றிதழ் நடத்தினவன்கிட்ட வந்து பிசினஸ் யோசனை கேக்கற உங்க தைரியம் எனக்குப் பிடிச்சிருக்கு.

பதில் எழுதறதுக்கு முன்னாடி கேமை காசு குடுத்து வாங்கி ஆடிப் பாத்தேன். முதல் சாப்டர் பிரமாதம்ப்பா. நான் கடலூர்க்காரன், முதுநகர் துறைமுகத்துல புயல் கூண்டு ஏத்தினா ஊரே அதைப் பத்திதான் பேசும், அந்த நம்பர் ஒவ்வொண்ணா ஏறுறத ரேடியோல மட்டும் கேக்க வச்சிருக்கீங்க பாருங்க, நடுக்கடல்ல இருக்கறவனுக்கு கூண்டு எங்க தெரியப் போகுது, அது கரெக்ட். எண்ணெய் குறையுது, அலை ஏறுது, அந்தப் பெரியவர் "வலைய அறுத்து விடுடா"ன்னு கத்தறார், நான் அறுக்க மாட்டேன்னு அடம் பிடிச்சு படகு கவுந்துக்கிட்டே இருந்துது. கடைசில அறுத்துட்டேன். கரை தெரிஞ்சப்ப மணி பாத்தா முக்கா மணி நேரம் கூட ஆகல.

அப்புறம் ரெண்டாவது சாப்டர். திடீர்னு ஒரு மெனு, சாஞ்சு கெடக்கற முந்திரி மரத்தை வெட்டு, கட்டை சேரு, பெஞ்சு செய், லெவல் ஏறு. 2011 டிசம்பர் 30 காலைல அந்தப் புயல் கடந்து போனதுக்கு அப்புறம் பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோட கெடந்ததைப் பாத்தவனுக்கு அதைக் கட்டை கட்டையா எண்ணிப் பையில போடறது ஒரு மாதிரிதான் இருந்துது, சரி, அது என் பிரச்சனை, விடுங்க. உங்க பிரச்சனை வேற. ஜனங்க 40 நிமிஷத்துல மூடறாங்கன்னா உங்க கேம் போரடிக்குதுன்னு அர்த்தம் இல்ல, படகு கரைக்கு வந்துடுச்சு, கதை முடிஞ்சுதுன்னு எந்திரிச்சுப் போறாங்க. நீங்கதான் அவங்களை மறுபடி கூப்ட்டு கட்டை பொறுக்கச் சொல்றீங்க. அந்தக் கிராஃப்டிங்கை இன்னும் பெருசாக்கினா யாருக்காக? அதுவரைக்கும் வர்ற ஆளே பாதிதானே. மல்டிபிளேயர் அதை விட மோசம். 200 பேர் வாங்கின கேம்ல ராத்திரி பத்து மணிக்கு ஒருத்தன் உள்ள வந்தா கூட ஆடறதுக்கு இன்னொருத்தன் எங்க இருப்பான்?

இப்ப காசு. எல்லாமே இந்தியாலயே வித்துச்சுன்னு வச்சுக்குவோம், டிஸ்கவுண்ட்டே போடலன்னும் வச்சுக்குவோம். 349-ல ஜிஎஸ்டி 18 சதவீதம் கழிச்சா 296, அதுல ஸ்டீம் 30 சதவீதம் எடுத்துக்கிட்டா கையில நிக்கறது 207. முழுசா 200 காப்பின்னாலும் 41,400 ரூபா. ரெண்டு பேரு, மூணு வருஷம், பிரிச்சுப் பாத்தா ஆளுக்கு மாசம் 575 ரூபா. ஸ்டீமுக்கு ஆரம்பத்துல கட்டின நூறு டாலர் இருக்கில்ல, கேம் ஆயிரம் டாலருக்கு வித்தாதான் அது திரும்பி வரும், நீங்க இன்னும் அந்தக் கோட்டையே தொடல. இதைச் சொல்லி பயமுறுத்தல. இதுவரைக்கும் போட்ட உழைப்பை இந்தக் கேம் வித்து மீட்டுடலாம்னு ஒரு கணக்கு மனசுல ஓடிக்கிட்டிருந்தா அதை மூடிடுங்கன்னு சொல்றேன். 2024-ல மட்டும் ஸ்டீம்ல பதினெட்டாயிரத்துக்கு மேல கேம் வந்துச்சு, அந்தக் கூட்டத்துல புதுசா ஒரு கிராஃப்டிங் பெஞ்சை எவன் கவனிப்பான்.

ஸ்டார்ட்யூ வேலிய எல்லாரும் இழுக்கறாங்க. எரிக் பாரோன் நாலு வருஷத்துக்கு மேல தனியா பண்ணார், நெஜம்தான். ஆனா அந்த வருஷங்கள்ல அவர் சியாட்டில்ல ஒரு தியேட்டர்ல வர்றவங்களுக்கு சீட்டு காட்ற வேலை பாத்தார், கூட இருந்த பொண்ணும் சம்பாதிச்சு வீட்டைப் பாத்துக்கிட்டாங்க. அதோட ஏர்லி ஆக்சஸ்ல விடாம, முடிச்சுட்டு 2016 பிப்ரவரிலதான் வெளிய விட்டார். அதாவது யார்கிட்டயும் முன்னாடியே காசு வாங்கல. நீங்க வாங்கியிருக்கீங்க.

இங்கதான் என் பத்திரிகை ஞாபகம் வருது. சந்தா கட்டினவனுக்கு இதழ் பாக்கி இருக்கும்போது "நஷ்டம், மூடிட்டேன்"னு சொல்லிட்டுப் போக முடியாது. நாங்க நிறுத்தினப்ப பாக்கிக்கு ஈடா ஒரு கனமான ரெட்டை இதழ் போட்டுட்டுதான் நிறுத்தினோம். உங்க 200 பேரும் சந்தாதாரங்கதான். விற்பனையே இல்லன்னாலும் முடிக்க முடியும்னாதான் ஏர்லி ஆக்சஸுக்கு வாங்கன்னு ஸ்டீமே டெவலப்பர்களுக்கான பக்கத்துல எழுதி வச்சிருக்கான், குறிப்பா எதையும் வாக்கு குடுக்காதீங்கன்னும் இருக்கு, அஞ்சு சாப்டர்னு எழுதும்போது யாரும் அதையெல்லாம் படிக்கறதில்ல. இப்பல்லாம் ஒரு வருஷத்துக்கு மேல அப்டேட் வரலன்னா கடைப் பக்கத்துலயே ஒரு அறிவிப்பு போட்டுடறான் வேற. அப்படி விட்டுட்டுப் போறது வேணாம்.

அதனால தொடரவும் வேணாம், நிறுத்தவும் வேணாம், முடிங்க. மல்டிபிளேயர் இல்ல, மூணு நாலு அஞ்சு சாப்டர் இல்லன்னு ஒரு அப்டேட்ல நேரா எழுதிடுங்க, நாலு பேர் திட்டுவான், திட்டட்டும். கிராஃப்டிங்கைத் தூக்கிட்டு கரைக்கு வந்தப்புறம் ஒரு பத்து நிமிஷம், விடியக்காலைல ஊரைப் பாக்கற மாதிரி, அவ்ளோதான் ரெண்டாவது சாப்டர். விலைய 149 ஆக்குங்க. ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிட்டா ஆடிட்டு ரீஃபண்ட் வாங்கிடுவாங்களேன்னு பயம் வரும். சில பேர் வாங்கத்தான் செய்வாங்க, சின்ன கேம் விக்கற எல்லாருக்கும் உள்ளதுதான், அதுக்காக கட்டை பொறுக்க வச்சு நேரத்தை இழுக்கக் கூடாது. ஏர்லி ஆக்சஸ்லேர்ந்து முழு ரிலீஸ் ஆகும்போது விஷ்லிஸ்ட்ல, அதான் பின்னாடி வாங்கலாம்னு குறிச்சு வைக்கற பட்டியல்ல, போட்டிருக்கறவங்களுக்கு ஸ்டீம் மெயில் அனுப்பும், உங்களுக்கு இருக்கற ஒரே விளம்பரம் அதுதான். டிசம்பர் 30, புயல் கடந்த தேதியாச்சே, அன்னிக்கு விடலாம்னு கண்டிப்பா யோசிப்பீங்க, அந்த நேரம் ஸ்டீமோட வின்டர் சேல் ஓடும், பெரிய பெரிய கேமெல்லாம் பாதி விலைல கெடக்கும்போது உங்களை யாரும் பாக்க மாட்டாங்க. கொஞ்சம் முன்னாடியே விடுங்க.

இன்னொண்ணு, எனக்கு இதுதான் பெருசாப் பட்டுது. உங்க ஃப்ரெண்டு இப்ப என்ன பண்றான்னு கடிதத்துல ஒரே வரிதான் இருக்கு, அதுவும் கல்யாண ஆல்பம் பண்றான்னு. தம்பி, அவன் போயிட்டான். சண்டை போடாம, சொல்லாம போயிருக்கான், அவ்ளோதான். அந்த அலை, அந்தப் பெரியவர் மூஞ்சி, படகு மேல உரிஞ்சு போன பெயிண்ட்டு எல்லாம் அவன் வரைஞ்சது, எழுதிக் குடுக்காத வரைக்கும் அது அவனுக்குத்தான் சொந்தம். 1957 காப்பிரைட் சட்டப்படி உரிமைய மாத்திக் குடுக்கறது எழுத்துல இருக்கணும், வாய்ப்பேச்சு செல்லாது. நீங்க தனியா தொடரணும்னு நினைச்சாக்கூட முடியாது. ஆனா சட்டத்தைத் தூக்கிக்கிட்டு அவன்கிட்ட போகாதீங்க. போயி, "இவ்ளோதான் மிச்சம், இந்தப் பத்து நிமிஷத்துக்கு மட்டும் படம் போட்டுக் குடு, வர்றதுல சரிபாதி"ன்னு கேளுங்க, கேட்டுட்டு ஒரு பேப்பர்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போடுங்க. அவன் முடியாதுன்னுட்டா இருக்கற படத்தை வச்சே முடிங்க, அதுக்கும் அவன் சம்மதம் எழுத்துல வேணும். மூணு வருஷமா சம்பளம் இல்லாம வரைஞ்சவன் மல்டிபிளேயர்னு நீங்க சொன்ன அன்னிக்கே ஆல்பம் வேலை தேட ஆரம்பிச்சிருப்பான்னு எனக்கு ஒரு சந்தேகம்.

சென்னை வேலைக்குப் போங்க, அதுல யோசிக்க ஒண்ணும் இல்ல. மிச்ச வேலை சனி ஞாயிறுல முடியற அளவுதான், முடியலன்னா நீங்க மறுபடி எதையோ சேத்துக்கிட்டிருக்கீங்கன்னு அர்த்தம்.

அப்புறம், கூண்டு ஏழுலேர்ந்து எட்டுக்கு மாறும்போது ரேடியோ அறிவிப்பு ரெண்டு தடவை வருது, அதைச் சரி பண்ணுங்க.