லிட்டருக்கு 12 ஓடிய வேன் 9-க்கு இறங்கினால் எங்கே பார்ப்பது?

கேள்வி: பீடோரில் இருக்கிறேன். கிரான் மேக்ஸ் 1.5 பேனல் வேன், மேனுவல் கியர், 140,000 கி.மீ. ஓடியிருக்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. காய்கறியும் மளிகைச் சரக்கும் ஏற்றிக்கொண்டு சுற்றியுள்ள தோட்டங்களில் லயத்துக்கு லயம் போய் விற்கிறேன். ஒரு நாளைக்கு 80 கி.மீ., மாதத்தில் 26 நாள். முன்பு லிட்டருக்கு 12 கி.மீ. கொடுத்த வண்டி இப்போது 9-க்கு வந்துவிட்டது. வர்க்‌ஷாப்பில் என்ஜினை ஓவர்ஹால் பண்ண வேண்டும் என்கிறார்கள். ரோன் 97 ஊற்றினால் சரியாகுமா? பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம் பலன் தருமா?

பதில்: காந்தம் வேண்டாம். ரோன் 97-உம் வேண்டாம். ரோன் என்பது ஆக்டேன் எண். அது, பெட்ரோல் நேரம் தப்பித் தானாக எரிந்து என்ஜின் ‘தட்டாமல்’ இருக்கப் பெட்ரோலுக்கு உள்ள தாங்கும் திறன்தான். எண் கூடினால் அதில் சக்தி கூடிவிடாது. 95-க்குச் செய்த என்ஜினில் 97 ஊற்றினால் கூடுவது பில் மட்டுமே, மானியமும் கிடையாது. ஓவர்ஹால் பேச்சைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். எண்ணெய்ப் புகை வருவதாகவோ, என்ஜின் எண்ணெய் குறைவதாகவோ நீங்கள் எழுதவில்லை. பெட்ரோல் கூடுதலாகப் போகிறது என்ற ஒரே காரணத்துக்காக என்ஜினைப் பிரிக்கச் சொன்னால், முதலில் நான்கு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் (உள்ளே ஏறும் அழுத்தம்) அளந்து எண்களை எழுதித் தரச் சொல்லுங்கள். நான்கும் கிட்டத்தட்ட ஒன்றாகவும், வண்டி தயாரித்தவர் சொல்லும் அளவுக்குக் குறையாமலும் இருந்தால் பிரிக்க அங்கே ஒன்றும் இல்லை.

முதலில் தெரிய வேண்டியது, குடிப்பது வேனா அல்லது நீங்கள் ஓடும் ஓட்டமா என்பது. இது தெரியாமல் பார்ட்ஸ் மாற்றினால் காசுதான் போகும்.

உங்கள் ஓட்டத்தைப் பார்ப்போம். ஒரு நாளில் எட்டு இடத்தில் நிறுத்தி, ஒவ்வோர் இடத்திலும் கால் மணி நேரம் என்ஜினை அணைக்காமல் வியாபாரம் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 2 மணி நேரம். ஏர்கோன் போட்டு நின்ற இடத்தில் ஓடும் 1.5 என்ஜின் மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் குடிக்கும். 80 கி.மீ. ஓட, லிட்டருக்கு 12 என்ற கணக்கில், 6.7 லிட்டர். நின்றுகொண்டே எரித்தது 2 லிட்டர். ஆக 8.7. எண்பதை 8.7-ஆல் வகுத்துப் பாருங்கள், 9.2 வரும். நீங்கள் சொன்ன 9-க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது, வேனில் ஒரு குறையும் இல்லாமலே! மாதக் கணக்கில் இது 52 லிட்டர். 2025 செப்டம்பரில் பூடி 95 பெட்ரோல் மானியத் திட்டம் தொடங்கியபோது இருந்த 1.99 ரிங்கிட் விலையில் பார்த்தாலும் 103 ரிங்கிட்.

அதனால் முன்புக்கும் இப்போதைக்கும் என்ன மாறியது என்று யோசியுங்கள். நிறுத்தும் இடம் கூடியதா? கீரை வாடாமல் இருக்க ஏர்கோன் ஓடவிடும் பழக்கம் புதிதா? அல்லது அணைத்தால் திரும்ப ஸ்டார்ட் ஆகாதோ என்ற பயமா? மூன்றாவதுதான் நிறையப் பேருக்கு உண்மைக் காரணம், யாரும் சொல்லமாட்டார்கள். அது பேட்டரி விஷயம். இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் மல்டிமீட்டர் வையுங்கள். 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி முழு சார்ஜில் இருக்கிறது. 12.2-க்குக் கீழே என்றால் பாதிக்கும் குறைவு. என்ஜின் ஓடும்போது 13.8-க்கும் 14.4-க்கும் இடையில் இல்லாவிட்டால் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைப் பார்க்க வேண்டும். பேட்டரி நன்றாக இருந்தால் தயங்காமல் அணையுங்கள். ஒரு முறை ஸ்டார்ட் பண்ண ஆகும் பெட்ரோல், அரை நிமிடம் நின்று ஓடினால் போவதைவிடக் குறைவு. கீரைக்கும் மீனுக்கும் மூடியுள்ள பொலிஸ்டைரின் பெட்டியும் ஐஸும் போதும். ஏர்கோன் அங்கே செய்வது ஓட்டுநருக்கான உபகாரம்தான்.

இனி வேனைச் சோதிப்போம். மீட்டர் முள்ளைப் பார்த்துச் சொல்லும் கணக்கு ஒன்றுக்கும் உதவாது, 50 ரிங்கிட்டுக்கு ஊற்றி எத்தனை நாள் வந்தது என்பதும் அப்படித்தான். டேங்கை நிரப்பி, பம்ப் முதல் முறை ‘டக்’கென்று நின்றதும் விட்டுவிடுங்கள், மேலே அமுக்கி ஊற்றாதீர்கள். ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். அடுத்த முறை அதே நிலையத்தில், அதே பம்பில், அதேபோல நிரப்புங்கள். ஓடியது 412 கி.மீ., ஏறியது 36.8 லிட்டர் என்றால் லிட்டருக்கு 11.2. ஒரு டேங்க் ஏமாற்றலாம், மூன்றின் சராசரிதான் பேசும். ஐசி அட்டையில் பதிவாகும் பூடி லிட்டர் கணக்கும் ஒரு சாட்சி, ஆனால் அதே ஐசியில் மோட்டார் சைக்கிளுக்கும் ஊற்றினால் அது கெட்டுப்போகும்.

பிறகு ஒரு ஓய்வு நாளில் வழக்கமான சரக்கு எடையோடு டேங்கை நிரப்பி, பிளஸ் நெடுஞ்சாலையில் 80-90 வேகத்தில் தஞ்சோங் மாலிம் வரை போய்த் திரும்பி அதே பம்பில் நிரப்புங்கள். நூறு கி.மீ.க்கு மேல் கிடைக்கும். அங்கே 12 அல்லது அதற்கு மேல் வந்தால் வேன் சுத்தம், குற்றவாளி ஓட்டம்தான். 10-ஐத் தொடவே தடுமாறினால் கீழே சொல்வதை வரிசையாகப் பாருங்கள்.

முதல் சந்தேகம் தெர்மோஸ்டாட், அதாவது என்ஜின் சூடாகும் வரை ரேடியேட்டர் தண்ணீரைத் தடுத்து வைக்கும் வால்வு. செகண்ட் ஹேண்டில் வந்த வேன் என்பதால் இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். எப்போதோ வண்டி சூடாகியிருக்கும், முன்னாள் சொந்தக்காரருக்கு ஒரு போமேன் (மெக்கானிக்) ‘இதைக் கழற்றிவிட்டால் என்றைக்கும் சூடாகாது’ என்று சொல்லி எடுத்து எறிந்திருப்பார். நம் ஊர்களில் பல காலமாக நடக்கும் வேலை இது. கழற்றினால் ரேடியேட்டர் தண்ணீர் எந்நேரமும் என்ஜினுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும், என்ஜின் உரிய சூட்டுக்கு வராது. சென்சர் ‘இன்னும் குளிராகத்தான் இருக்கிறது’ என்று சொல்லும், கணினி கூடுதல் பெட்ரோலை அடித்துக்கொண்டே இருக்கும். லயத்துக்கு லயம் இரண்டு, மூன்று கி.மீ. மட்டும் ஓடும் உங்களைப் போன்றவருக்கு இது இரட்டை அடி. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு, அடியில் எண்ணெய் நிற்கும் சம்ப்புக்குள் இறங்கும். எண்ணெய் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக்கை எடுத்து மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால், அல்லது எண்ணெய் மட்டம் குறையாமல் ஏறியிருந்தால், இதுதான் நடக்கிறது. இப்படியே விட்டால் அந்த ஓவர்ஹால் பேச்சு உண்மையாகவே வந்துவிடும்.

சோதனை எளிது. ஸ்கேனர் உள்ள வர்க்‌ஷாப்பில் அதை மாட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் கால் மணி நேரம் சீராக ஓட்டுங்கள். கூலன்ட் சூடு 85 முதல் 95 டிகிரிக்குள் நிலையாக நிற்க வேண்டும். 60, 70 என்று இறங்கினால் தெர்மோஸ்டாட் இல்லை, அல்லது திறந்த நிலையிலேயே மாட்டிக்கொண்டது. கழற்றிய தெர்மோஸ்டாட்டைச் சட்டியில் தண்ணீர் வைத்துச் சூடாக்கினால், அதன் மேல் குத்தியிருக்கும் டிகிரியை ஒட்டித் திறக்கும், ஆறினால் மூடும். அப்படிச் செய்யாவிட்டால் புதிது போடுங்கள். மலிவான பொருள்தான்.

மாற்றிய பிறகு காற்றை வெளியேற்றுவதில்தான் பல பேர் கோட்டைவிடுகிறார்கள். இந்த வேனில் என்ஜின் இருக்கைக்கு அடியில், ரேடியேட்டர் முன்னால், இடையே நீளமான ஹோஸ். அதற்குள் காற்று தங்கினால் தண்ணீர் இருந்தும் என்ஜின் சூடாகும். ஆறிய என்ஜினில் மெதுவாக ஊற்றி, மூடியைத் திறந்தபடியே ஐட்லிங்கில் ஓடவிட்டு, ஹோஸை விட்டு விட்டு அமுக்கி, குமிழ் நிற்கும் வரை நிரப்புங்கள். ரேடியேட்டர் விசிறி ஒரு முறை ஓடி நிற்கட்டும். மறுநாள் காலை ரிசர்வ் டேங்க் மட்டத்தைப் பாருங்கள், இறங்கியிருந்தால் அங்கே ஊற்றுங்கள். சூடான ரேடியேட்டரின் மூடியை மட்டும் திறக்காதீர்கள். கிணற்றுத் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ வேண்டாம், கலந்தே விற்கும் கூலன்ட் போதும்.

அடுத்தது பிரேக். செம்மண் சேறு பின்சக்கர டிரம்முக்குள் புகுந்து காய்ந்தால் ஷூ முழுவதும் விலகாது, வண்டி எந்நேரமும் லேசாகப் பிரேக் பிடித்தபடியே ஓடும். பத்து கி.மீ. ஓட்டி, கடைசியில் பிரேக்கை அழுத்தாமல் தானாக வேகம் குறைய விட்டு நிறுத்துங்கள். ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். இடதுக்கும் வலதுக்கும் சூடு வித்தியாசப்பட்டால் சூடான பக்கம்தான் பிடிக்கிறது. முன்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தை ஜாக்கால் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை விடுவித்துச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தால் உறுதியாகிவிடும். டிரம்மைக் கழற்றிக் கழுவுங்கள், தூசியை வாயால் ஊதாதீர்கள். முன்பக்கத்தில் கேலிப்பர் பின் துருப்பிடித்து இறுகுவதுண்டு. அதற்குப் பிரேக்குக்கென்றே விற்கும் கிரீஸ்தான் போட வேண்டும், சாதாரண கிரீஸில் ரப்பர் உப்பிவிடும்.

டயர் காற்றைக் குளிராக இருக்கும்போது, கதவுத் தூணில் ஒட்டியுள்ள ஸ்டிக்கர்படி வையுங்கள். நம் பெட்ரோல் நிலைய மெஷின் கிலோபாஸ்கலில் காட்டும், 6.9 கிலோபாஸ்கல் ஒரு பிஎஸ்ஐ. சரக்கு வேனின் பின்சக்கரத்துக்குக் காரைவிட அதிகக் காற்று தேவை. காருக்கு வைக்கிற மாதிரி 220 வைத்துக்கொண்டு அரை டன் ஏற்றினால் டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடாகும். பெட்ரோல் போவது அதில் சின்ன விஷயம், டயர் வெடிப்பதுதான் பெரிது. மலிவாகக் கிடைத்தது என்று கார் டயர் போட்டிருந்தால் உடனே மாற்றுங்கள். சரக்கு வண்டிக்கான ‘சி’ அல்லது ‘எல்டி’ முத்திரை வேண்டும்.

கிளட்ச் வழுக்குகிறதா என்பதற்கு நான்காம் கியரில் 50 வேகத்தில் எக்ஸலேட்டரை முழுக்க அழுத்துங்கள். சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் தட்டு தேய்ந்துவிட்டது. ஏர் ஃபில்டரைப் பலர் முதல் குற்றவாளியாக்குவார்கள். கார்புரேட்டர் கொண்ட பழைய வனெட் வேன் காலத்துக்கு அது பொருந்தும். இன்ஜெக்‌ஷன் என்ஜினில் அடைத்த ஃபில்டர் இழுவையைக் குறைக்குமே தவிர பெட்ரோலைப் பெரிதாகக் குடிக்காது. ஆனாலும் புழுதி ரோட்டில் ஓடுவதால் 5,000 கி.மீ.க்கு ஒரு முறை திறந்து பாருங்கள். உள்ளே போகும் மண் பிஸ்டன் ரிங்கைத் தின்றுவிடும்.

வண்டிக்குள் நிரந்தரமாகக் கிடக்கும் காலி கேஸ் தோங் (சிலிண்டர்), கூடாரக் கம்பி, பழைய தராசு எல்லாவற்றையும் இறக்குங்கள். நின்று நின்று கிளம்பும் ஓட்டத்தில் எடைதான் பெட்ரோலைத் தின்னும், ரூஃப் ரேக் அல்ல. ரேக்கின் தொல்லை நெடுஞ்சாலையில்தான் தெரியும்.

பராமரிப்பில் உங்கள் ஓட்டத்துக்கு முக்கியமானவை மட்டும். என்ஜின் எண்ணெய் 5,000 கி.மீ.க்கு ஒரு முறை, ஃபில்டரோடு. 4 லிட்டர் கேனை அப்படியே கவிழ்க்காதீர்கள். மூன்று லிட்டர் ஊற்றி, சில நிமிடம் விட்டு, டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டாமல் நிரப்புங்கள். மட்டம் கூடினால் கிராங்க் அதைக் கடைந்து நுரையாக்கும். கியர் பாக்ஸுக்கு ஜிஎல்-4, பின் டிஃபரன்ஷியலுக்கு ஜிஎல்-5 என்று பிரித்துக் கேட்டு வாங்குங்கள். ஜிஎல்-5 எண்ணெய் கியர் பாக்ஸின் பித்தளை வளையங்களுக்கு ஆகாததாக இருக்கலாம். இரண்டையும் 40,000 கி.மீ.க்கு ஒரு முறை மாற்றலாம். ஆனால் அச்சு முழுகும் அளவு வெள்ளத்தில் இறங்கினால் அந்த வாரமே டிஃபரன்ஷியல் மூடியைத் திறந்து பாருங்கள். சூடான பெட்டி தண்ணீரில் இறங்கியதும் காற்றுத் துளை வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்திருக்கும். எண்ணெய் பால் நிறத்தில் இருந்தால் அன்றே வடித்துவிடுங்கள்.

ஸ்லைடிங் கதவுத் தண்டவாளத்தில் கிரீஸை அப்பாதீர்கள், புழுதியோடு சேர்ந்து உருளையை அம்மியில் வைத்த மாதிரி அரைத்துவிடும். துடைத்துவிட்டு சிலிகோன் ஸ்பிரே அடித்தால் போதும். வாரம் ஒரு முறை வண்டியின் அடியில், பின்சக்கர வளைவிலும் ஸ்பிரிங் தொங்கும் இடத்திலும் ஒட்டிய சேற்றைக் கழுவிவிடுங்கள். திரும்பும் வழியில் தோட்டத்துக்காரருக்காகப் பாஜா (உர) மூட்டை ஏற்றுவதுண்டு என்றால், தரையில் போட்டிருக்கும் பலகையைத் தூக்கி அன்றைக்கே கழுவுங்கள். பொட்டாஷ் உப்பு ஈரத்தோடு சேர்ந்தால் தகரம் சீக்கிரமே ஓட்டையாகும், பலகைக்கு அடியில் இருப்பதால் கண்ணுக்கும் தெரியாது.