காசியில் மாலைப் படகு: சர்க்கரை உள்ள அம்மாவை ஏற்றலாமா?

கேள்வி: டிசம்பர் கடைசி வாரம் அம்மாவைக் காசிக்குக் கூட்டிப் போகிறேன். அம்மாவுக்கு வயது 67. 16 வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மினும் கிளிமிப்பிரைடும் காலை, இரவு சாப்பிடுகிறார். பிரஷருக்கு டெல்மிசார்டன். கால் வீக்கத்துக்கு நீர் மாத்திரை, ஃபுரோசமைடு 40 மி.கி., காலை 8 மணிக்கு ஒன்று, மதியம் 2 மணிக்கு ஒன்று. வலது முழங்கால் தேய்மானம், பாதங்களில் மதமதப்பு. மலைப்பாதையில் பஸ் ஏறினால் வாந்தி. அசி காட் என்ற படித்துறையிலிருந்து 8 பேர் போகும் மோட்டார் படகில் மாலை 4.30 மணிக்கு ஏறி, மணிகர்ணிகா வரை போய், தசாஸ்வமேத படித்துறையில் படகில் இருந்தபடியே ஆரத்தி பார்த்துவிட்டு 8 மணிக்குத் திரும்புவதாக ஏற்பாடு. டூர்க்காரர், "ஒரு வாந்தி மாத்திரை கொடுத்துடுங்க, போதும்" என்கிறார். அம்மாவோ, அன்றைக்கு நீர் மாத்திரையும் வேண்டாம், தண்ணீரும் குடிக்க மாட்டேன் என்கிறார். ஏற்றலாமா? எந்த மாத்திரை கொடுப்பது?

பதில்: ஏற்றலாம். ஆனால் டூர்க்காரர் சொன்ன வாந்தி மாத்திரை இந்த விஷயத்தில் கடைசியாக யோசிக்க வேண்டியது. குளிர்காலத்துக் கங்கை காசியில் சாதுவாகத்தான் ஓடும். அம்மாவுக்கு ஆபத்து வரக்கூடிய இடங்கள் இரண்டு: மாத்திரைகளின் நேரக் கணக்கு, படகில் ஏறி இறங்கும் அந்தக் கடைசிப் படி.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஃபுரோசமைடு கால் வீக்கத்துக்கு என்கிறீர்கள், அந்த வீக்கம் எதனால் வந்தது என்று எழுதவில்லை. இதயம் பலவீனமாக இருப்பதால் என்றால், இப்போது படி ஏறும்போது மூச்சு வாங்குகிறதா, இரவில் தலையணையை உயர்த்தி வைத்துப் படுக்கிறாரா என்று கேளுங்கள். ஆம் என்றால் படகு மட்டுமில்லை, பயணத்தையே அவருடைய மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். கடந்த சில வாரங்களுக்குள் மாரடைப்போ நெஞ்சுவலியோ வந்தவர்கள், காலில் ஆறாத புண் உள்ளவர்கள், கண்புரை அறுவை முடிந்து ஒரு மாதம் ஆகாதவர்கள் இந்தப் படகைத் தவிர்ப்பது நல்லது. கடைசி இரண்டு வகையினருக்கும் காரணம் ஒன்றே: தெறிக்கும் ஆற்றுத் தண்ணீர்.

நீர் மாத்திரையை நிறுத்தக் கூடாது. நேரத்தை மாற்றலாம். ஃபுரோசமைடு சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் வேலையை ஆரம்பிக்கும், அடுத்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும், சுமார் 6 மணி நேரத்தில் அடங்கும். 2 மணி மாத்திரை போட்டால் ஆரத்தி முடியும்வரை சிறுநீர் முட்டிக்கொண்டே இருக்கும். அந்த அளவுப் படகில் கழிவறை கிடையாது. அன்று ஒருநாள் மட்டும் காலை 6 மணிக்கும் 11 மணிக்கும் என்று மாற்றலாமா என்று அவருடைய மருத்துவரிடம் ஊரிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் சம்மதிப்பார்.

தண்ணீர் குடிக்காமல் இருப்பது இதைவிட மோசம். டெல்மிசார்டன், நீர் மாத்திரை இரண்டும் உள்ளே இருக்கும்போது உடம்பு வறண்டால் சிறுநீரகம் அடி வாங்கும், மெட்ஃபார்மினும் வெளியேறாமல் உடம்பில் தேங்கும். எழுந்து நின்றதும் பிரஷர் இறங்கித் தலை சுற்றும். படியில் நிற்கும்போது அப்படிச் சுற்றினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மதியம் 3 மணி வரை வழக்கம்போலத் தண்ணீர் குடிக்கட்டும். அதன்பிறகு வாயை நனைக்கும் அளவு போதும். 4 மணிக்கு அறையிலேயே கழிவறைக்குப் போய்விட்டுக் கிளம்புங்கள். பேன்ட் போல ஏற்றிக்கொள்ளும் டயப்பரை உள்ளே போட்டுக்கொண்டால் அம்மா நிம்மதியாக ஆரத்தி பார்ப்பார். வெட்கப்படுவார்தான், இரண்டு நாள் முன்பே பக்குவமாகப் பேசி வையுங்கள். ஒரு எச்சரிக்கை: சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நேரத்தை மாற்றிப் பயனில்லை, அது நாள் முழுக்கச் சிறுநீரைக் கூட்டும்.

இனி சர்க்கரை. கிளிமிப்பிரைடு நாள் முழுவதும் கணையத்தைத் தூண்டிக்கொண்டே இருக்கும், அம்மா சாப்பிட்டாரா இல்லையா என்று பார்க்காது. காசியில் நடப்பது என்னவென்றால், விசுவநாதர் கோயில் வரிசையில் மதியச் சாப்பாடு தள்ளிப்போகும், மாலையில் படகு, 8 மணிக்கு இறங்கி, சந்து கடந்து அறைக்கு வந்து தட்டு முன்னால் உட்கார 9 மணி. இந்த இடைவெளியில்தான் சர்க்கரை தடாலென இறங்கும். மதியச் சாப்பாட்டை 1 மணிக்குள் கொடுத்துவிடுங்கள். 4 மணிக்கு இரண்டு சப்பாத்தியோ, ஒரு வாழைப்பழமும் ஒரு கைப்பிடி வறுத்த கடலையுமோ சாப்பிடட்டும். லஸ்ஸி, கச்சோரி போன்றவை அந்த நேரத்துக்கு வேண்டாம். எண்ணெயும் கொழுப்பும் வயிற்றில் தங்கிக் குமட்டலைக் கூட்டும். வெறும் வயிறும் அதே அளவு கெடுதல். இரவுக்கான கிளிமிப்பிரைடைப் படகில் ஏறுமுன் போட்டுவிட வேண்டாம். தட்டு முன்னால் வந்த பிறகு போடுங்கள். சாப்பாட்டை ஒட்டி இன்சுலின் போடுபவர்களுக்கும் இதே விதி.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வந்த பெரிய கவலையைச் சொல்கிறேன். படகில் அம்மாவுக்குக் குமட்டலும் குளிர்ந்த வியர்வையும் வந்தால், "இவங்களுக்குப் பஸ்ஸிலேயே வாந்தி வரும்" என்று எல்லாரும் முடிவு கட்டிவிடுவார்கள். பயணக் குமட்டலும், சர்க்கரை இறங்குவதும், சர்க்கரை நோயாளிக்கு வலியில்லாமல் வரும் மாரடைப்பும் முதல் பத்து நிமிடத்தில் ஒரே மாதிரிதான் இருக்கும். அதனால் குளுக்கோமீட்டர் உங்கள் தோள் பையில் இருக்கட்டும், அறையில் அல்ல. வியர்த்தால் முதலில் விரலைக் குத்திப் பாருங்கள். குத்துமுன் விரலை ஈரத்துணியால் துடைத்து உலர்த்துங்கள். பிரசாத இனிப்பு ஒட்டிய விரல் 60 இருக்க வேண்டிய இடத்தில் 180 காட்டிவிடும். விரல் சில்லிட்டிருந்தால் ரத்தம் வராது, உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துச் சூடாக்கிக் குத்துங்கள். மீட்டரையும் சால்வைக்குள் வைத்திருங்கள். கடுங்குளிரில் சில மீட்டர்கள் வேலை செய்யாது.

70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடரோ சர்க்கரையோ, கால் டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே கொடுங்கள். பிஸ்கட், சாக்லேட் வேண்டாம். அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதமாக்கும். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். இன்னும் குறைவாக இருந்தால் அதே அளவு மறுபடியும். ஏறிய பிறகு பிஸ்கட், சப்பாத்தி. பேச்சுக் குழறி, விழுங்க முடியாத நிலையில் இருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறும். குத்த வசதியில்லை என்றால் சந்தேகத்தின் பேரிலேயே குளுக்கோஸ் கொடுக்கலாம். ஒருமுறை அதிகமாவதால் கெட்டுப்போகாது.

மீட்டர் 110, 150 என்று காட்டுகிறது, ஆனால் வியர்வை நிற்கவில்லை, முகம் வெளுத்திருக்கிறது, மூச்சு வாங்குகிறது, தாடையிலோ தோளிலோ கனம் என்றால், ஆரத்தி முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஆரத்தி நேரத்தில் தசாஸ்வமேதத்தின் நெரிசலில் ஆம்புலன்ஸ் படித்துறைக்கு அருகில் வருவது கடினம். படகை அசிக்கே திருப்பச் சொல்லி, அதற்குள் 108-ஐ அங்கே அழையுங்கள். இந்து பல்கலைக்கழகத்தின் சர் சுந்தர்லால் மருத்துவமனை அங்கிருந்து பக்கம்தான். 8 பேர் படகு நல்லது என்று நான் நினைப்பதற்கு முக்கியக் காரணம் இதுவே: திரும்பு என்றால் திரும்பும். ஆரத்தி நேரத்தில் படகுகள் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி நிற்கும், நடுவில் மாட்டிக்கொண்டால் வெளியே வர முடியாது. வெளி வரிசையில் நிறுத்தும்படி படகுக்காரரிடம் ஏறும்போதே சொல்லிவிடுங்கள்.

இனி வாந்தி. உள்காது 'ஆடுகிறோம்' என்கிறது, கண் 'அசையவில்லை' என்கிறது. இந்த முரண்பாட்டில்தான் குமட்டல் பிறக்கிறது. மலைப்பாதைபோல வளைவுகள் ஆற்றில் இல்லை. படகு ஓடும்போது பலருக்கு ஒன்றும் செய்யாது. ஆரத்திக்காக நிறுத்திய பிறகு, பெரிய படகுகள் கிளப்பும் அலையில் தூக்கித் தூக்கிப் போடும்போது, இருட்டில், டீசல் புகையில்தான் ஆரம்பிக்கும். அம்மா படகின் நடுவில், முன்பக்கம் பார்த்து உட்காரட்டும். இன்ஜினுக்கு அருகில் வேண்டாம். வெளிச்சம் இருக்கும்வரை எதிர்க்கரை மணல்மேட்டையும், இருட்டிய பிறகு படித்துறையில் அசையாமல் எரியும் ஒரு விளக்கையும் பார்க்கட்டும். செல்போனில் வீடியோ எடுக்கும் வேலையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரை என்று போனால், கடைகளில் வாந்திக்கு என்று கேட்டால் எடுத்துக் கொடுக்கும் ஒண்டான்செட்ரான் பயணக் குமட்டலுக்குப் பயன்படாது. அது வயிற்றுப்போக்கோடு வரும் வாந்திக்கும் கீமோதெரபி வாந்திக்கும் உரியது. ப்ரோமெதசின் வேலை செய்யும், ஆனால் இந்த வயதில் தூக்கம், குழப்பம், சிறுநீர் அடைப்பு, தள்ளாட்டம் எல்லாம் கூடவே வரும். ஈரப் படியில் இறங்க வேண்டிய ஒருவருக்கு நான் கொடுக்க மாட்டேன். கட்டாயம் வேண்டும் என்றால் சின்னரிசின் 25 மி.கி. ஒன்றே ஒன்று, ஏறுவதற்கு 2 மணி நேரம் முன்பு, சாப்பாட்டுக்குப் பின். நடுக்குவாதம் இருந்தால் அதுவும் கூடாது. இதிலும் தூக்கம் வரலாம். ஆகவே மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, ஊரில் ஒரு மாலை வீட்டிலேயே ஒரு மாத்திரை போட்டுப் பாருங்கள். அம்மா சொக்கிப்போய் உட்கார்ந்தால் காசியில் மாத்திரையே வேண்டாம். வாயில் ஒதுக்க ஒரு துண்டு இஞ்சி போதும்.

டிசம்பர் கடைசியில் காசியில் 5.15 மணி வாக்கிலேயே சூரியன் இறங்கிவிடும். படித்துறைகள் எல்லாம் மேற்குக் கரையில், கிழக்குப் பார்த்து இருக்கின்றன. சூரியன் கட்டடங்களுக்குப் பின்னால் மறைவதால் ஆற்றோரம் அதற்கு முன்பே நிழலாகிவிடும். குளிர் அப்போதே ஏறும், இரவில் 10 டிகிரிக்குக் கீழேயும் போகும். சில்லிட்ட காற்று ரத்தக்குழாயைச் சுருக்கிப் பிரஷரைக் கூட்டும். ஸ்வெட்டர், காதை மூடும் குல்லா, காலுறை. லைஃப் ஜாக்கெட்டை ஸ்வெட்டருக்கு மேல் போட்டு எல்லா பக்கிளையும் மாட்டுங்கள். ஜாக்கெட்டுக்கு மேலே சால்வையைச் சுற்றிக் கட்டாதீர்கள், தண்ணீரில் அதுவே கையைப் பின்னும். ஹரிச்சந்திர காட், மணிகர்ணிகா இரண்டிலும் சிதைப் புகை எப்போதும் உண்டு; ஆஸ்துமா இருப்பவர்கள் என்95 முகக்கவசமும் இன்ஹேலரும் எடுத்துக்கொண்டு, நடு ஆற்றில் விலகிப் போகச் சொல்ல வேண்டும். துணி மாஸ்க் புகையைத் தடுக்காது.

படகில் ஏறுவதுதான் கடினமான பத்து விநாடி. தண்ணீரை ஒட்டிய படிகளில் வண்டல் படிந்து வழுக்கும். படகின் விளிம்பு படியைவிட உயரமாகவோ தாழ்வாகவோ இருக்கும், அதுவும் ஆடிக்கொண்டே. அம்மா கையில் பை, பூ, விளக்கு எதுவும் இருக்கக் கூடாது. புடவைக் கரையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகட்டும். படகுக்காரர் முன்னால், நீங்கள் பின்னால். விரலைப் பிடிக்காமல் ஒருவர் மணிக்கட்டை மற்றவர் பிடிக்கச் சொல்லுங்கள், ஈரக்கை நழுவாது. கால் வைக்கும் இடம் விளிம்பு அல்ல, படகின் நடுப்பலகை. படியில் இறங்கும்போது வலிக்கும் வலது கால் முதலில்; ஏறும்போது நல்ல இடது கால் முதலில். கைத்தடி இடது கையில். உட்கார்ந்த பிறகு கையை விளிம்புக்கு வெளியே வைக்க விடாதீர்கள். இரண்டு படகு உரசும்போது நடுவில் விரல் சிக்கும்.

திரும்பி வந்ததும் எழுந்து நிற்க அவசரப்பட வேண்டாம். மூன்றரை மணி நேரம் உட்கார்ந்த காலில் ரத்தம் தேங்கியிருக்கும். படகு கரை தொடுவதற்கு முன்பே கணுக்காலைப் பத்துத் தடவை மேலும் கீழும் ஆட்டி, கரை சேர்ந்ததும் ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்து, பிறகு எழட்டும். டார்ச் உங்களிடம் இருக்கட்டும்.

கங்கை நீரைத் தலையில் தெளித்துக்கொள்ளட்டும். வாயில் விட வேண்டாம். வயிற்றுப்போக்கு வந்தால் அம்மா சாப்பிடும் மாத்திரைகளோடு சேர்ந்து சிறுநீரகத்துக்கு நேரடி ஆபத்து.

மதமதத்த பாதம் காயம் பட்டதைச் சொல்லாது. பின்வார் வைத்த செருப்புதான் போட வேண்டும், படித்துறையில் வெறுங்கால் கூடாது. அறைக்கு வந்ததும் வெதுவெதுப்பான நீரில் கால் கழுவ வையுங்கள். சூட்டை உங்கள் முழங்கையால் பாருங்கள், அம்மாவின் காலை நம்பாதீர்கள். துடைத்து, விளக்கு வெளிச்சத்தில் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். கீறலோ கொப்புளமோ தெரிந்தால் சுத்தமான நீரில் மறுபடி கழுவி, போவிடோன் அயோடின் தடவி மூடுங்கள். மறுநாள் காலை அந்த இடம் சிவந்தோ வீங்கியோ இருந்தால், அடுத்த கோயிலுக்கு முன்னால் மருத்துவரைப் பாருங்கள்.