ஏழு வருடம் காத்திருக்க வேண்டாம், பிரீமியத்தையும் நிறுத்த வேண்டாம்

பொழியூர் வாசகி ஒருவரின் கேள்வி: கணவர் வெளிநாட்டுக் கொடி கட்டிய சரக்குக் கப்பலில் மாலுமி. 14 மாதங்களுக்கு முன் புயலில் கப்பல் மூழ்கியது. சிலர் பிழைத்தார்கள், இவர் உடல் கிடைக்கவில்லை. ஏஜென்ட் போனை எடுப்பதில்லை. நீரோடியில் இருக்கும் மாமியார், மகன் உயிரோடு இருக்கிறான் என்று நினைவுத் திருப்பலிக்கே சம்மதிக்கவில்லை. ஏழு வருடம் போனால்தான் காப்பீடோ நஷ்டஈடோ எதுவும் கிடைக்குமா?

பதில்: ஏஜென்ட் வாட்ஸ்அப்பைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தது, மாமியார் கொட்டிய வார்த்தைகள் என்று நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். கணவர் இறந்ததை நீதிமன்றத்தில் நிறுவும் வழக்குக்கு இவை எதுவும் உதவாது. கப்பல் மூழ்கும்போது அவர் அதில் இருந்தார் என்பதற்கு என்ன காகிதம் இருக்கிறது? அதுதான் விஷயம். பணியாளர் பட்டியல், பிழைத்தவர்களின் வாக்குமூலம், கொடி நாட்டின் (கப்பல் பதிவான நாட்டின்) விசாரணை அறிக்கை, இவற்றை எழுத்தில் கேளுங்கள்.

ஏழு வருடக் கணக்கு பாரதிய சாட்சிய அதினியத்தின் 111ஆம் பிரிவில் வருகிறது (பழைய இந்திய சாட்சியச் சட்டத்தில் 108). ஆள் என்ன ஆனார் என்றே தெரியாமல் ஏழு வருடம் போனால், இறந்துவிட்டார் என்று கொள்ளும் அனுமானம் அது. சாட்சியம் இருந்தால் நீதிமன்றம் இப்போதே மரணத்தை ஏற்கலாம். 2017 ஒக்கிப் புயலில் காணாமல் போனவர்களுக்கு ஏழு வருடம் பார்க்காமல் நிவாரணம் கொடுத்தார்களே என்பீர்கள். அது அரசின் தனி முடிவு, உங்களுக்குப் பொருந்தாது.

சரி, நான் பயப்படுவது வேறு. என்னிடம் வழக்குக்கு வந்த ஒரு கட்சிக்காரர், காணாமல் போனவரின் ஆயுள் காப்பீட்டுப் பாலிசிப் பத்திரத்தைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, மாதா படத்துக்குப் பின்னால் ஏழு வருடம் பத்திரமாக வைத்திருந்தார். பிரீமியம் மட்டும் கட்டவில்லை. "ஆளே இல்லை, யாருக்குக் கட்டுவது?" என்றார். எல்ஐசி எதிர் அனுராதா வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை அவருக்கு நான்தான் விளக்க வேண்டியிருந்தது: அனுமானம் ஆள் இறந்தார் என்று மட்டுமே சொல்லும், என்று இறந்தார் என்று சொல்லாது. காணாமல் போன அன்றே இறந்தார் என்றால் நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். முடியாவிட்டால், இடையில் கட்டாத பாலிசி காலாவதி. ஆகவே தீர்ப்பு வரும்வரை கட்டுங்கள். மூழ்கிய தேதி நிரூபணமானால் அதற்குப் பின் கட்டியதைத் திருப்பிக் கேட்கலாம். கல்யாணத்துக்கு முன் எடுத்த பாலிசி என்றால் நாமினி யார் என்றும் பாருங்கள். நஷ்டஈட்டுக் கோரிக்கைகளுக்குத் தனிக் காலக்கெடு உண்டு. அது ஏழு வருடம் நிற்காது.

அடுத்த பொறி, கம்பெனி நீட்டும் ரசீது. 'முழுமையான இறுதித் தீர்வு' என்று இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி ஒப்பந்தத் தொகையைக் குறைத்து வாங்கச் சொல்லி நெருக்கக்கூடாது. அதை வாங்கினாலும் மற்ற உரிமைகள் போகாது. வக்கீலிடம் காட்டாமல் ஒரு தாளிலும் கை வைக்காதீர்கள்.

மாமியாரிடம் சமரசத்துக்குப் போங்கள். இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, கிறிஸ்தவரான உங்கள் கணவர் உயில் எழுதாதிருந்து, பிள்ளைகளும் இருந்தால், சொத்தில் மூன்றில் ஒரு பங்கு உங்களுக்கு, மீதி பிள்ளைகளுக்கு. தாய்க்குப் பங்கில்லை. ஆனால் "என் மகன் உயிரோடு இருக்கிறான்" என்று அவர் ஒரு ஆட்சேபம் போட்டால் போதும், வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும். வரும் தொகையில் இவ்வளவு அவருக்கு என்று பங்குத்தந்தை முன்னிலையில் எழுதிக்கொடுங்கள். மகன் இறந்துவிட்டான் என்று அவர் வாயால் சொல்ல வைக்க வேண்டாம். 'எனக்கு ஆட்சேபம் இல்லை' என்ற ஒரு வரிக் கையெழுத்து போதும்.