செஞ்சட்டையும் ஒரு துணிமூட்டையும்

அன்புள்ள ஐயா,

எல்லை காந்தி பற்றி நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருந்த இரண்டு வரிகளைப் படித்தேன். ஒரு சந்தேகம். கான் அப்துல் கஃபார் கான் காந்தியின் சீடர், காந்தி சொன்னதைப் பட்டாணியர்களிடம் கொண்டுபோனார், அவ்வளவுதானே? பிரிவினையை எதிர்த்தார், நடக்கவில்லை. பாகிஸ்தானும் அவரை ஜெயிலில் போட்டது. தோற்றுப்போன ஒருவரை இன்னும் எதற்குத் தூக்கிவைத்துப் பேச வேண்டும்? தவறாக நினைக்க வேண்டாம்.

கே., மதுரை

அன்புள்ள கே.,

தவறாக நினைக்க இதில் என்ன இருக்கிறது? பள்ளியில் எனக்கும் அவர் ஒரு மார்க் கேள்விதான். எல்லை காந்தி யார் என்று கேட்பார்கள், கோடிட்ட இடத்தில் பெயரை எழுதி மார்க்கை வாங்கிக்கொண்டு மறந்துவிடுவோம். வம்பே அந்தப் பட்டப்பெயரில்தான் இருக்கிறது. அதைக் கேட்டதும் ஏதோ காந்தியின் கிளை அலுவலகம் என்று மனசு எடுத்துக்கொள்கிறது. அவருடைய சனங்கள் அவரை அப்படிக் கூப்பிடவில்லை, பாச்சா கான் என்றார்கள்.

இன்றைய பாகிஸ்தானில் பெஷாவருக்குப் பக்கத்தில் உத்மான்சாய் கிராமத்தில் 1910ல் அவர் முதல் பள்ளிக்கூடத்தைத் திறந்தபோது வயது இருபதுதான். காந்தி அப்போது தென்னாப்பிரிக்காவில் இருந்தார், இந்தியா திரும்ப இன்னும் 5 வருடம் இருந்தது. சேவை என்ற எண்ணத்தை மனதில் விதைத்தவர் தன் மிஷன் பள்ளித் தலைமையாசிரியரான ஒரு ஆங்கிலேயப் பாதிரியார் என்று சொன்னவர் அவர். அகிம்சையை எங்கிருந்து எடுத்தார் என்று கேட்டால் நபிகளிடமிருந்து என்பார், மெக்காவில் அடிபட்ட காலத்தில் நபி கைக்கொண்ட பொறுமைதான் அது என்பார். காந்தி மேல் அவருக்கு இருந்த அன்பை நான் குறைக்கவில்லை. ஆனால் அது இரவல் சரக்கு இல்லை.

1929ல் குதாய் கித்மத்கார், அதாவது கடவுளின் ஊழியர்கள், என்ற இயக்கத்தைத் தொடங்கினார். சேருகிறவர் பழி வாங்க மாட்டேன் என்று உறுதிமொழி எடுக்க வேண்டும். பழிக்குப் பழி என்பதைக் குடும்பச் சொத்து மாதிரி தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றிக்கொண்டிருந்த ஊரில் இதைக் கேட்பது என்றால் சும்மாவா? கூடவே தினமும் இரண்டு மணி நேரம் பொதுவேலை செய்ய வேண்டும். வெள்ளைச் சட்டை சீக்கிரம் அழுக்காகிறது என்று தோல் பதனிடும் இடத்தில் கொடுத்துச் சாயம் ஏற்றிக்கொண்டார்கள், அந்தச் செம்பழுப்பு நிறமே சீருடையாகிவிட்டது. உடனே பிரிட்டிஷாருக்கு ரஷ்யக் கம்யூனிசப் பூதம் தெரிந்தது! (நம்மூரில் செஞ்சட்டை என்றால் வேறு கட்சி, அது வேறு கதை.)

1930 ஏப்ரல் 23, பெஷாவரின் கிஸ்ஸா கவானி கடைவீதி. அவரையும் மற்றத் தலைவர்களையும் கைது செய்ததைக் கண்டித்துக் கூடிய நிராயுதபாணிகள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. செத்தவர்கள் எத்தனை பேர் என்பதில் அரசுக் கணக்கும் மக்கள் கணக்கும் ஒத்தே வராது. ஆனால் அந்தச் சமயத்தில் கார்வால் ரைஃபிள்ஸ் படையைச் சேர்ந்த இந்துச் சிப்பாய்கள் அந்தக் கூட்டத்தைச் சுட மாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். முன்னால் நின்ற சந்திர சிங்குக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. இமயமலை அடிவாரத்துக்காரன் ஒருவன், முன்பின் தெரியாத பட்டாணியருக்காகத் தன் வாழ்க்கையைக் கொடுத்தான் என்பதை நான் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிடுவேன்.

பாச்சா கானும் அப்படித்தான். சிறையில் இந்து, சீக்கியக் கைதிகளோடு உட்கார்ந்து கீதையும் கிரந்த சாகிப்பும் படித்தார், ஐந்து வேளைத் தொழுகையையும் விடவில்லை. 1947 மார்ச்சில் பீகாரில் அடிபட்ட முஸ்லிம்களிடம் காந்தியோடு போனார். அதே ஜூனில் காங்கிரஸ் பிரிவினையை ஏற்றுக்கொண்டபோது எங்களை ஓநாய்களிடம் வீசிவிட்டீர்கள் என்றார். அது வெறும் புலம்பல் இல்லை. 1948 ஆகஸ்டில் சார்சத்தாவின் பாப்ரா மைதானத்தில் அவருடைய ஆட்களைச் சுட்டது சுதந்திர பாகிஸ்தானின் போலீஸ். கால் நூற்றாண்டுக்கும் மேல் அவர் சிறையில் கழித்தார், வெள்ளைக்காரன் போனபிறகும் அது நிற்கவில்லை.

அந்த வகையில் நீங்கள் சொல்வது சரி, தோற்றார். நாமும் சேர்ந்துதான் தோற்கடித்தோம். 1969ல் காந்தி நூற்றாண்டுக்கு டெல்லி வந்து இறங்கினார். கையில் ஒரு துணிமூட்டை, மொத்தச் சாமானும் அதுதான். இந்திரா காந்தி வாங்கிக்கொள்ளக் கை நீட்டியபோதும் கொடுக்கவில்லை. குஜராத் அப்போதுதான் கலவரத்தில் எரிந்து முடிந்திருந்தது. விருந்துக்கு வந்த மனிதர், எண்பதை நெருங்கும் வயதில், அதற்காக மூன்று நாள் உண்ணாவிரதம் இருந்தார். வரவேற்க மாலையோடு நின்றவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

1988 ஜனவரி 20ல் பெஷாவரில் இறந்தார். ஆப்கானிஸ்தானின் ஜலாலாபாத்தில் அடக்கம் செய்யச் சொல்லியிருந்தார். ஆப்கன் போருக்கு நடுவே, ஆயிரக்கணக்கானவர்கள் கைபர் கணவாயைத் தாண்டி உடலோடு போனார்கள், சண்டைக்காரர்கள் அதற்காகத் துப்பாக்கியைக் கீழே வைத்தார்கள். அப்படியும் ஜலாலாபாத்தில் குண்டு வெடித்துச் சிலர் செத்தார்கள். இரண்டுமே ஒரே நாளில் நடந்தது.

நான் இனிமேல் பாச்சா கான் என்றே எழுதலாம் என்றிருக்கிறேன். பழக்கதோஷத்தில் எல்லை காந்தி என்று வந்துவிட்டால் மறுபடியும் கடிதம் போடுங்கள்.