20 வருடமாகக் கடை போடும் இடத்தைக் காலி செய்வது பற்றிப் பேச மாநகராட்சி கூப்பிட்டிருக்கிறது. என்ன கொண்டு போக வேண்டும்?

மனுவை மட்டும் கொண்டு போகாதீர்கள். பிழைப்பு, குழந்தை குட்டி என்று ஆரம்பித்தால் பேச்சு இரக்கத்தோடு நின்றுவிடும். இரக்கப்பட்ட அதிகாரி மாற்றலாகிப் போன மறுவாரமே வண்டி வரும்.

அளவு கொண்டு போங்கள். ஐ.ஆர்.சி. (இந்தியச் சாலைக் காங்கிரஸ்) 103 என்ற நடைபாதை வழிகாட்டியின்படி, நடப்பவருக்குத் தடையில்லாமல் குறைந்தது 1.8 மீட்டர் அகலமும் 2.2 மீட்டர் உயரமும் விட வேண்டும். அகலத்தை எல்லோரும் பார்ப்பார்கள். மாட்டிக்கொள்வது உயரத்தில்தான். தார்ப்பாய்க் கயிறு தலையில் இடிக்கும் ஒரு கடையைப் படம் பிடித்து, வரிசை முழுவதும் இடைஞ்சல் என்று எழுதிவிடலாம். முந்தின நாளே தூக்கிக் கட்டுங்கள். மின்பெட்டி, மரம், பேருந்து நிறுத்தம், ஒவ்வொரு கடையின் நீள அகலம், திறக்கும் நேரம், மூடும் நேரம் எல்லாம் ஒரே வரைபடத்தில் இருக்கட்டும்.

உட்கார்ந்ததும் முதலில் கேளுங்கள்: வியாபாரிகளின் கணக்கெடுப்பு முடிந்ததா? 2014 சாலையோர வியாபாரிகள் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி, கணக்கெடுத்து எல்லோருக்கும் விற்பனைச் சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. எடுத்தாயிற்று என்றால் எந்த நேரத்தில் எண்ணினார்கள் என்று கேளுங்கள். காலையில் மட்டும் எண்ணினால் சாயங்காலக் கடைகள் பட்டியலிலேயே இருக்காது. "கூட்டம் அதிகம், அதனால் இது கடை போடத் தடை மண்டலம்" என்றால் அதே சட்டத்தின் முதல் அட்டவணையைக் காட்டுங்கள். நெரிசலை அதற்குக் காரணமாக்க முடியாது என்று அங்கே எழுதியிருக்கிறது. இடம் மாற்றினாலும் 30 நாள் நோட்டீஸ் வேண்டும். சரக்கை எடுத்தால் கையெழுத்திட்ட பட்டியல் தர வேண்டும். நீங்கள் கேட்டால் அழுகும் பொருளை அன்றே, மற்றதை இரண்டு வேலை நாளில் திருப்பித் தர வேண்டும்.

கணக்கெடுப்பை நடத்தும் நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகள் இருக்க வேண்டும், அதுவும் நீங்களே தேர்தலில் தேர்ந்தெடுத்தவர்கள். யாரோ நியமித்தவர் உங்களுக்காகப் பேசினால் ஆட்சேபணையை எழுத்தில் கொடுங்கள்.

வருகைப் பதிவில் கையெழுத்துப் போடும்போது மேலே வெற்றிடம் இருந்தால் கோடு அடித்துவிடுங்கள். வந்ததற்கான கையெழுத்து, இடம் மாறச் சம்மதித்த கையெழுத்தாக மாறக் கூடாது. கூட்டக் குறிப்பின் நகல் வாங்காமல் எழுந்திருக்க வேண்டாம்.

"நடைபாதை நடப்பதற்குத்தானே" என்று கேட்பவர்களுக்கு: ஆமாம், அதனால்தான் 1.8 மீட்டரை முதலில் சொன்னேன். ஆனால் அதே நடைபாதையில் நாள் முழுக்க நிற்கும் காரையும் பைக்கையும் ஆக்கிரமிப்பு என்று சொல்ல ஏன் யாருக்கும் வாய் வருவதில்லை? ஒரு கார் நிற்கும் இடத்தில் இரண்டு தள்ளுவண்டிக் குடும்பங்கள் பிழைக்கும். வரைபடத்தில் அந்தக் காரையும் பைக்கையும் குறியுங்கள்.

ஒன்று மட்டும் கவனியுங்கள்: உங்கள் இடம் ரயில்வே நிலமாக இருந்தால் இந்தச் சட்டம் அங்கே செல்லாது.