டீச்சரோட ப்ளஸ் டூ மார்க் முக்கியமா?

ப்ளஸ் டூல கம்மி மார்க் எடுத்தவங்க நல்ல டீச்சர் ஆக முடியுமான்னு கேட்டிருக்கீங்க. தாராளமா முடியும். பாடம் தெரியணும், அதுல சமரசமே கிடையாது, ஆனா பதினேழு வயசுல எடுத்த மார்க்க வச்சு அத அளக்குறது நியாயமே இல்ல. தமிழ்நாட்டுல அதையும் செஞ்சு பாத்தாங்க, 2014ல பட்டதாரி ஆசிரியர் வேலைக்கு வெயிட்டேஜ்னு, அதாவது ஒவ்வொரு மார்க்குக்கும் ஒரு பங்குன்னு, டெட்டுக்கு (ஆசிரியர் தகுதித் தேர்வுக்கு) 60, டிகிரிக்கு 15, பிஎட்டுக்கு 15, ப்ளஸ் டூவுக்கு 10னு போட்டு ஆள் எடுத்தாங்க. எங்க கடலூர் பக்கம் 90கள்ல படிச்சவங்க நொந்தே போய்ட்டாங்க, ஏன்னா அப்ப 1200க்கு 900 எடுத்தாலே பெரிய விஷயம், பின்னாடி வந்தவங்களுக்கு மார்க் அள்ளிப் போட்டாங்க, ரெண்டையும் ஒரே தராசுல வச்சா எப்படிங்க? கடைசில 2018ல வெயிட்டேஜ எடுத்துட்டு தனியா போட்டித் தேர்வுன்னு அரசாணை போட்டாங்க.

மஞ்சக்குப்பத்துல எனக்குத் தெரிஞ்ச டீச்சரம்மா ஒருத்தங்க, ஸ்கூல்ல சுமாரா படிச்சவங்கதான். 42ல 17 போனா 35னு ஒரு பையன் எழுதினா உடனே தப்புன்னு சுழிக்க மாட்டாங்க, “எப்படிடா கண்ணு போட்ட?”ன்னு கேப்பாங்க. கடன் வாங்காம 7லேர்ந்து 2ஐ கழிச்சிருக்கான்னு அப்பதான் தெரியும். இந்தப் பக்குவம் மார்க் ஷீட்ல எங்கங்க இருக்கு? டெட் இருக்கட்டும், வேணும்தான், அதோட கிளாஸ்ல ஒரு பாடம் நடத்தச் சொல்லியும் பாத்து எடுங்க.