வாசகர் கேள்வி – பதில்: தார்ச்சாலையில் ஒரு தைலமரம்

கேள்வி: பிரிஸ்பேனில் 9ஆம் வகுப்புத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். ஆஸ்திரேலியப் பூர்வகுடிக் கவிஞர் ஊட்கரூ நூனக்கலின் ‘முனிசிபல் கம்’ (நகராட்சித் தைலமரம்) கவிதையைப் படித்துவிட்டு எல்லோரும் ‘மரங்களைக் காப்போம்’ என்றே எழுதுகிறார்கள். அது பூர்வகுடி மக்களின் எதிர்ப்புக் கவிதை என்பதை எப்படிப் புரியவைப்பது?

பதில்: வாழ்க்கைக் குறிப்பை முதலில் கொடுக்காதீர்கள். கொடுத்தால் பிள்ளைகள் அதைத்தான் திருப்பி எழுதுவார்கள். தலைப்பையும் பெயரையும் மறைத்து, 16 வரிகளை மட்டும் எண்ணிட்டுக் கொடுங்கள். இரண்டு முறை உரக்க வாசிக்கட்டும். நகரத் தெருவில், காலைச் சுற்றித் தார் இறுகிய ஒரு தைலமரம். அதைப் பார்த்துப் பேசும் ஒரு குரல். நடுவில் வண்டிக்குதிரை உவமை. கதை இவ்வளவுதான்.

அடுத்து, ‘நீ’, ‘நான்’, ‘அவர்கள்’, ‘நாம்’ என்னும் பொருளில் வரும் சொற்களை வட்டமிடச் சொல்லுங்கள். ‘நீ’ 2ஆம் வரியிலேயே வந்துவிடும். ‘அவர்கள்’, ‘நாம்’ இரண்டும் கடைசி வரியில் மட்டுமே. பிறகு குதிரைக்கும் மரத்துக்கும் நேர்ந்ததைச் சொல்லும் சொற்களை 8, 9, 14ஆம் வரிகளில் அடிக்கோடிடட்டும்: காயடித்தது, அடக்கியது, வார்பூட்டியது, தாரில் நட்டுவைத்தது. ‘செய்தது யார்?’ என்று கேளுங்கள். 15 வரிவரை பதில் இருக்காது. 16ஆம் வரியில் வருவதும் வெறும் ‘அவர்கள்’தான். ‘எதிர்ப்பு எங்கே, முழக்கத்தையே காணோமே’ என்று கேட்கும் பிள்ளைக்கு இந்த இடத்தைக் காட்டுங்கள்.

‘காயடித்த’ என்ற சொல் வந்ததும் வகுப்பு சிரிக்கும். தாண்டிப் போகாதீர்கள். குதிரையைப் பணியவைக்கச் செய்யும் வேலை அது. தாருக்கு நடுவே நிற்கும் மரத்தின் விதைக்கும் முளைக்க மண் இல்லை.

‘அவர்கள் என்ன செய்துவிட்டார்கள்’ என்று மரத்திடம் கேட்கும் கடைசி வரியைத் தமிழில் எழுதச் சொல்லிப் பாருங்கள். ஆங்கிலத்தின் ‘அஸ்’ என்ற ஒரே சொல்லுக்குத் தமிழில் ‘எங்களை’யா, ‘நம்மை’யா என்று முடிவெடுத்தாக வேண்டும். ‘எங்களை’ என்றால் மரம் வெளியே போய்விடும். மரத்தை விளித்துப் பேசுவதால் ‘நம்மை’தான் சரி. அப்படி எழுதியதும் இன்னொரு கேள்வி எழும்: படிக்கிற நான் அந்த ‘நம்’மில் இருக்கிறேனா, ‘அவர்க’ளில் இருக்கிறேனா? ஒரு பாடவேளை முழுவதும் இதற்கே போனாலும் நஷ்டமில்லை.

எதுகை இயைபில் ஒன்றே ஒன்றைக் காட்டினால் போதும். ‘பிட்யுமென்’, ‘சிட்டிசன்’ என 14, 15ஆம் வரிகள் இணைகின்றன. தாரும் குடிமகனும் ஒரே ஓசையில் முடிகிறார்கள். வண்டிக்குதிரை வரும் 7ஆம் வரிக்கு மட்டும் இணையே இல்லை. அதற்குக் காரணம் கண்டுபிடித்தே தீரவேண்டும் என்று பிள்ளைகளை வாட்டாதீர்கள்.

வரலாறு இதற்குப் பிறகு வரட்டும். குவீன்ஸ்லாந்தின் 1897ஆம் ஆண்டுச் சட்டமும் திருத்தங்களும் பூர்வகுடி மக்கள் எங்கே வாழ்வது, யாரை மணப்பது, கூலி யார் கையில் இருப்பது என்பதையெல்லாம் அதிகாரிகளிடம் விட்டன. தலைப்பிலுள்ள ‘முனிசிபல்’ அப்போதுதான் உறைக்கும்: மரம்கூட நிர்வாகத்தின் உடைமை. கவிதை இடம்பெற்ற தொகுப்பு வந்தது 1966இல். பூர்வகுடி மக்களை மக்கள்தொகைக் கணக்கில் சேர்ப்பதற்கு வழிவிட்ட பொதுவாக்கெடுப்பு 1967 மே 27இல்தான் நடந்தது. மரத்தை அழைக்கும் ‘சக குடிமகனே’ என்ற விளியின் கசப்பு அங்கே இருக்கிறது. அந்த வாக்கெடுப்புதான் ஓட்டுரிமை தந்தது என்று பலர் எழுதுகிறார்கள், தவறு. கூட்டாட்சித் தேர்தல் உரிமை 1962இலும், குவீன்ஸ்லாந்து மாநில உரிமை 1965இலும் வந்துவிட்டன.

திருத்தும்போது இரண்டு வாக்கியங்களில் கவனம் வையுங்கள். ‘இங்கே உருவகம் உள்ளது’ என்று நின்றுவிட்டால் பாதி மதிப்பெண். அது என்ன செய்கிறது என்பதே மீதி. ‘பூர்வகுடிகள் இயற்கையை நேசித்தார்கள்’ என்று இறந்தகாலத்தில் எழுதினால் சிவப்பு மை. அவர்கள் இன்றும் வாழும் மக்கள்.

கேள்வி: சில பாடநூல்களில் கவிஞர் பெயர் கேத் வாக்கர் என்றிருக்கிறது. எதை எழுதுவது?

பதில்: இருவரும் ஒருவரே. 1964இல் முதல் தொகுப்பு வந்தது கேத் வாக்கர் என்ற பெயரில். ஆஸ்திரேலியாவில் ஆங்கிலேயர் குடியேறியதன் 1988 இருநூற்றாண்டு விழாவுக்கு எதிர்ப்பாக எம்பிஇ என்ற பிரிட்டிஷ் அரச விருதைத் திருப்பிக் கொடுத்தவர், அதையொட்டியே ஊட்கரூ நூனக்கல் என்ற பெயரை ஏற்றார். ஊட்கரூ என்பது பேப்பர்பார்க் மரம். நூனக்கல் அவருடைய மக்கள். அவர் தேர்ந்த பெயரையே எழுதுங்கள். பழைய பதிப்பைக் குறிக்கும்போது மட்டும் மற்றதைச் சேர்க்கலாம்.